முசுட்டைக்குள் நின்ற கொடி

வேலியோரம் தானாக முளைக்கிற எதையும் நான் லேசில் பிடுங்குவதில்லை, விதானையார். ஐம்பத்தொன்றில் அப்பாவுக்கு வன்னியில், வட்டக்கச்சிக் கொலனியில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைக் கூட்டி வந்தபோது வளவு நிறையப் பற்றைதான். தும்பை, நாயுருவி, பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள். மற்றக் கொலனிக்காரர் ஒரு புல் விடாமல் செருக்கித் தள்ளினார்கள். எங்கள் வளவு மட்டும் காடாகக் கிடந்தது. காரணம் என் தங்கை நேசமலர். "பூக்கிறதைப் பிடுங்காதேங்கோ அக்கா, பாவம்" என்று மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொள்வாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

அம்மா அவளைப் பெற்ற கையோடு போனவர். வட்டக்கச்சிக்கு வந்த அடுத்த மாரியில் அப்பாவும் காய்ச்சலில் போனார். எனக்கு வந்த ஒரேயொரு சம்பந்தத்தை, பிள்ளையை யார் பார்ப்பது என்று நானே தட்டிவிட்டேன். அவளுக்காகத்தான் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

வேலியில் கஞ்சிக்குப் போடுகிற முசுட்டைக் கொடி படர்ந்திருந்தது. அதற்குள் ஒரு நீலப்பூக் கொடியும் நின்றது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்லதுக்கு யாரும் அதைக் கேட்பதில்லை. பக்கத்துக் காணிச் சிற்றம்பலம் அண்ணை வன்னியிலேயே பிறந்தவர், வந்த வருசமே காட்டித் தந்தார்.

"ரெண்டு இலையும் ஒரே மாதிரித்தான் கிடக்கும் பிள்ளை. அடிப்பக்கத்தைத் தடவிப் பார். முசுட்டை மெத்தெண்டு இருக்கும், மற்றது வழுக்கும். அது வயித்துக்குள்ள போனால் ஆளை விடாது."

அன்றைக்கே பிடுங்கப் போனேன். நேசமலர் அழுதாள். அந்தப் பூவைத்தான் அவள் தலையில் வைப்பாள். விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இலைக்கஞ்சி. முல்லை, முசுட்டை, முடக்கொத்தான் எல்லாம் வேலியிலேயே இருந்தன. இடித்துச் சாறெடுத்து, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுவேன். இலை பிடுங்குவது எப்போதும் நான்தான். எனக்கு வெள்ளி விரதம், கஞ்சி அவளுக்குத்தான்.

அவள் வளர்ந்து குமரான பிறகு, பூநகரியிலிருந்து பெண் பார்க்க வந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓயாத வாந்தி. வந்தவர்கள் முற்றத்தோடு திரும்பினார்கள். மூன்று நாள் அவள் பக்கத்திலேயே இருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் அக்கா" என்றாள். அந்த மூன்று நாள்போல நான் சந்தோசமாக இருந்ததே இல்லை. அடுத்த வருசம் தர்மபுரத்தார் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. பெட்டை வருத்தக்காரி, எந்த நேரமும் நோய் என்று கதை பரவியது. நான் மறுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் யோகநாதன் வாத்தியார். வருத்தக்காரி என்று சொல்லியும் கேளாத மனுசன். நல்லவர், குறை சொல்ல மாட்டேன். தாலிக்குப் பொன்னுருக்கும் முடிந்தது. கலியாணத்துக்கு முதல் வெள்ளி நேசமலர் கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, "இண்டைக்குக் கொஞ்சம் கைக்குது அக்கா" என்றாள். பனங்கட்டித் துண்டொன்று கொடுத்தேன். அதைக் கடித்துக் கடித்து முழுவதையும் குடித்தாள். நான் சொன்னால் எதையும் குடிக்கிற பிள்ளை.

சனி மத்தியானம் போய்விட்டாள். என் கையைப் பிடித்தபடிதான் போனாள். 

"யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வன்னி இலை தெரியாது. கமலாசனி பாவம், மாறிப் பிடுங்கிப்போட்டா" என்று செத்தவீட்டில் நீங்கள்தான் சொன்னீர்கள். ஊர் அதிகாரி என்று அதையே மரண விசாரணைக் கடுதாசியில் எழுதி இப்போது கையெழுத்துக் கேட்கிறீர்கள். அன்றைக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். சிற்றம்பலம் அண்ணை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார்.

நான் கையெழுத்து வைக்க மாட்டேன், விதானையார். ஒவ்வொரு இலையையும் அடிப்பக்கம் தடவிப் பார்த்துத்தான் பிடுங்கினேன். முந்தி இரண்டு தரமும் இரண்டொரு இலைதான் போட்டேன். அன்றைக்கு மடி நிறையப் பிடுங்கினேன். அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை, அதையும் எழுதுங்கள். என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நான் உங்களோடு பொலிசுக்கு வாறன். வளவைத் துப்புரவாக்க ஆள் விடுவீர்கள் என்றால், அந்தக் கொடியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பூக்கிறதைப் பிடுங்கினால் பிள்ளை அழுவாள்.