மாடிக்கும் கீழுக்கும் நடுவே

இன்று மதியம் ஒரு பள்ளியின் துணை முதல்வர் போனில் எனக்கு உறுதி செய்த செய்தி இது. நாலாம் வகுப்பில் படிக்கும் சுடர் என்ற பிள்ளைக்கு மதப் பாடத்தில் மதிப்பெண் போட முடியவில்லை. பூஜ்யம் இல்லை... மதிப்பெண்ணே இல்லை. ஏன்? "இந்தப் பிள்ளை என் வகுப்புக்கு வந்ததே இல்லை" என்று அந்தப் பாடத்தின் இரண்டு ஆசிரியர்களும் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருந்தாள்?

விதிகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெற்றோருக்கு இப்போது ஒரு குட்டிக் கதை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளையின் பெற்றோரே சொன்னது.

சுடரின் வாப்பா ஜவாஹிர், காயல்பட்டினத்துக்காரர். இங்கே ஏசி கம்பெனியில் வரைபடம் போடுகிறார். அம்மா ஜெயசீலி, மார்த்தாண்டம் பக்கம், சர்ச்சுக்குப் போகும் குடும்பம். காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் பேச்சு நின்று போய், இந்த வளைகுடா ஊருக்கு வந்தவர்கள். யாரும் குறை சொல்லக் கூடாதென்று பிள்ளைக்குச் சுடர் என்று பேர் வைத்தார்கள். அன்றே இன்னொரு முடிவும் எடுத்தார்கள். இந்த வீட்டில் மதத்தைப் பற்றிப் பேச்சே கூடாது. அவர் தொழுதுவிட்டு வந்தால் அவள் எதுவும் கேட்பதில்லை. அவள் ஜெபம் பண்ணும்போது அவர் டிவி சத்தத்தைக் குறைப்பார். நல்ல ஏற்பாடுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுடரின் பள்ளியில் மதப் பாட மணி அடித்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் பிள்ளைகள் மாடிக்குப் போவார்கள். மற்றவர்கள் கீழே, நீதிபோதனைக்கு. தகப்பன் முஸ்லிம் என்றால் மாடிதான், இந்த நாட்டு விதி அது. தாயும் தகப்பனும் சேர்ந்து வேறு கேட்டால் பள்ளி அனுமதி வாங்கித் தரும். சேர்ந்து கேட்க வேண்டும்... அதைக் கவனியுங்கள்.

வருஷ ஆரம்பத்தில் காரில் போகும்போது சுடர் கேட்டாள். "வாப்பா, நான் மாடிக்குப் போகணுமா, கீழ இருக்கணுமா?"

அவர் என்ன சொன்னார்? "அம்மா என்ன சொல்றாங்களோ அப்படியே செய்மா."

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டாள். அவள் என்ன சொன்னாள்? "வாப்பா சொல்றதுதான் சுடர். அவங்ககிட்ட கேட்டுக்கோ."

பிள்ளை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

முதலில் மாடிக்குத்தான் போனாள். அங்கே ஓதிக்கொடுப்பவர் ஒரு மலையாளி உஸ்தாத். நல்ல மனிதர். பேரைக் கேட்டார், கழுத்தில் அம்மா போட்டுவிட்ட சின்னச் சிலுவையைப் பார்த்தார். "மோளே, கிளாஸ் மாறி வந்துட்டியோ?" என்று சிரித்தார். சுடர் தலையாட்டிவிட்டு இறங்கினாள். கீழே மிஸ், "உங்க அப்பா ஜவாஹிர் சார்தானே? நீ மேல போகணும்டா கண்ணு" என்றார். அவரும் நல்லவர்தான். மறுபடி ஏறினாள்... பாதிப் படியில் திரும்பும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே உட்கார்ந்தாள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனாள். அடுத்த வாரமும் அங்கேதான். அதற்கடுத்த வாரமும் அங்கேதான். மாடியில் ஓதுவது கேட்கும், கீழே பாடுவது கேட்கும். பக்கத்தில் பேச யாரும் இல்லை.

கீழே இருக்கிறாள் என்று மாடி நினைத்தது. மாடியில் இருக்கிறாள் என்று கீழே நினைத்தது. வீட்டில்?

பெற்றோர் பள்ளிக்கு வரும் நாள் வந்தது. ஜெயசீலி கணக்கு மிஸ்ஸைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போனாள். ஜவாஹிர், கார் நிறுத்தப் போனவர், நீதிபோதனை மிஸ்ஸிடம் போய் நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில். "உங்க பிள்ளை இங்க இல்லையே!" அவள் பதறி இறங்க, இவர் பதறி ஏற, பாதிப் படியில் முட்டிக்கொண்டார்கள்.

"நீங்க இங்க எதுக்கு?"

"நீ எதுக்கு மாடிக்குப் போனே?"

"அவ ஒழுங்கா ஓதுறாளான்னு கேக்கத்தான். உங்களுக்காகத்தான் அனுப்பினேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அட... உனக்காக அவளைக் கீழ விட்டேன்னு நான் நெனச்சுட்டு இருக்கேன்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

அப்போது காலடியில் ஒரு குரல். "கொஞ்சம் தள்ளுங்க. எல்லாரும் பாக்குறாங்க." பிள்ளை கூட்டத்துக்குப் பயந்து வழக்கமான இடத்துக்கு வந்திருக்கிறாள்.

ஜெயசீலி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"கேட்டா அவங்களைக் கேளுன்னுட்டு ரெண்டு பேரும் பேசாம போயிடுறீங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஜவாஹிரிடம் நேற்றுப் பேசினேன். "என்ன முடிவு தம்பி?" என்றேன். "முடிவு எங்கண்ணே... கல்யாணம் ஆனதுலேர்ந்து போடாத சண்டையெல்லாம் இப்பப் போடுறோம். பிள்ளைக்குக் கேக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்தப் போனேன். 'சாத்தாதீங்க வாப்பா'ன்னு தலையணையை எடுத்துட்டு வந்து நடுவுல உக்காந்துட்டா."

பெற்றோர்களே... மாடியா, கீழா என்று சொல்ல நான் வரவில்லை. அது அவர்கள் முடிவு. உங்கள் வீட்டில் எந்தச் சாமி என்றும் கேட்கவில்லை. பிள்ளை கேட்கிற கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறீர்களா? அதைத்தான் கேட்கிறேன். புருஷன் மனசு நோகக் கூடாது, பெண்டாட்டி மனசு நோகக் கூடாது என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். நமக்கு அது மரியாதை. பிள்ளைக்கு? தான் வாயைத் திறந்தால் வீடு அமைதியாகிவிடுகிறது என்றுதானே அதற்குப் படும்? சண்டை போடுகிற வீட்டில்கூடப் பிள்ளை நடுவில் வந்து உட்கார முடியும். பேசாத வீட்டில் எங்கே உட்காரும்?

இனி பாக்கி இதுதான். ஜவாஹிரும் ஜெயசீலியும் வரும் ஞாயிறு காலை, இங்கே பள்ளி வாரம் தொடங்கும் நாள், மாடியா கீழா என்று பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று மதியம் வரை சொல்லவில்லை. அடுத்த மதப் பாடம் திங்கட்கிழமை. அன்று மணி அடிக்கும்போது சுடர் ஏறுவாளா, கீழேயே இருப்பாளா... இன்னும் தெரியாது.