வியாழக்கிழமைக்குள் ஒரு வயரிங் கிட்

— இதுல எது லேட்டாகும், உஸ்தா?

— எது சீக்கிரம் முடியும்னு கேக்குறியா?

— இல்லை. எது லேட்டாகும்னுதான் கேட்டேன்.

— இத்தனை வருஷமா உஸ்தா, டிரைவர் உஸ்தான்னு பேரெடுத்து, அலெக்சாண்டிரியாவுல கல்யாணக் கார்ல மணப்பொண்ணுங்களை ஏத்தி இறக்குறேன், நாஹித். இப்படி ஒருத்தி கேட்டு நான் பாத்ததில்லை. முதல்ல உக்காரு. செவர்லே காரைச் சுத்திச் சுத்தி வராதே, எனக்குத் தலை கிறுகிறுங்குது.

— உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க. கிட் எதுன்னு பாத்துட்டு வரத்தானே என் வருங்கால மாமியார் அனுப்பிருக்காங்க.

— உன் மாமியார் பெரிய மனுஷி. போன வியாழக்கிழமை வண்டி தீப்பிடிச்சுக் கல்யாண ஊர்வலம் பாதில நின்னு போச்சு, கண்ணு பட்டுடுச்சு, விட்ட இடத்துலேர்ந்து அதே வண்டில போய்த்தான் முடிக்கணும், வேற வண்டில ஏத்தினா கல்யாணம் நிலைக்காதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கருகின வண்டிக்கு வயரிங் செலவும் அவங்களே தர்றாங்களாம். வேற யாராவதா இருந்தா என் சட்டையைப் பிடிச்சிருப்பாங்க.

— சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன, பாரு. சொல்லப்போனா வண்டி முழுசுக்கும் வயர் மாத்துற கிட் ரெண்டுதான். இந்தப் பெட்டில இருக்கிறது ஒண்ணு. ஒவ்வொரு வயர்லயும் அது எங்க போகணும்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சே வச்சிருக்கான். விளக்கு, வைப்பர், ஹாரன், எல்லாத்துக்கும் தனித்தனி ஃபியூஸ். புதன்கிழமை சாயங்காலம் வண்டி ரெடியாகித் தெருவுல நிக்கும். ஒரே குறை, இதைச் செஞ்சவன் ஊர்ல ஹாரனை மாசத்துக்கு ஒரு தடவைதான் தொடுவான் போல. அதுக்குக் குடுத்திருக்கிற வயர் தலைமுடி மாதிரி மெலிசு, பாத்தா சிரிப்பு வருது. ஹாரனுக்கு நேரா பேட்டரிலேர்ந்து கரண்ட் வர்ற மாதிரி நான் ஒரு ரிலே போட்டுச் சரி பண்ணிக்கிறேன்.

— இன்னொண்ணு?

— இந்தச் சாம்பிள் வயர்த் துண்டைத் தொட்டுப் பாரு. மேல பருத்தி நூல் பின்னிருக்கு. வண்டி புதுசா இறங்கினப்ப எப்படி இருந்துச்சோ அதே நிறம், அதே கோடு. நாம சொல்லி விட்டாத்தான் வெளிநாட்டுல இதைச் செய்யறவன் பின்னவே ஆரம்பிப்பான். அப்புறம் கப்பல்ல வரணும். துறைமுகத்துல கஸ்டம்ஸ்காரன் பிரிச்சு, மோந்து பாத்து, டீயைக் குடிச்சு முடிச்சு விடணும். ரெண்டு மாசம் ஆகும்.

— ரெண்டு மாசம்.

— ஏம்மா, அதைக் கேட்டதும் உன் முகத்துல ஏன் வெளிச்சம் வருது?

— ஒண்ணுமில்லை. மாப்பிள்ளைக்கு, ஹாஸிமுக்கு, லீவு சனிக்கிழமையோட முடியுது. குவைத்துக்குத் திரும்பிடுவாரு. அடுத்த லீவு அடுத்த வருஷம்தான். இந்தத் துணி வயர் அழகா இருக்கு, உஸ்தா. பழைய வண்டிக்குப் பழைய மாதிரி போடுறதுதானே பொருத்தம்?

— ஏங்க, அந்தப் பொண்ணை நிக்க வச்சேவா பேசிட்டிருக்கீங்க? மேல பால்கனிலேர்ந்து கயித்துல கூடையை இறக்குறேன், டீயை எடுத்துக் குடுங்க.

— இறக்கு, அத்தியாத். மெதுவா. போன தடவை பாதி டீயைக் கூடையே குடிச்சிடுச்சு.

— குடிக்கட்டும். இந்த வீட்டுல கூடையாவது வேலை செய்யுது. நாஹித், கண்ணு, அவருகிட்ட துணி வயர் பேச்சை எடுக்காதே, மயங்கிடுவாரு. பெட்டில இருக்கிறதை எடுத்து மாட்டச் சொல்லு. போன வாரத்துலேர்ந்து எங்களை ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடலை. பொண்ணை எரிக்கிற வண்டின்னு பேரே வச்சுட்டாங்க. நீ வியாழக்கிழமை இதுல ஏறிப் போய் மண்டபத்துல சிரிச்சுக்கிட்டே இறங்கினாத்தான் எங்க அடுப்பு எரியும்.

— பால்கனிக் கதவைச் சாத்துடி. ஊரே கேக்குது.

— ஊருக்குத் தெரியாததையா சொல்லிட்டேன்?

— போயிட்டா. அவ பேச்சை மனசுல வச்சுக்காதே. டீயைக் குடி.

— உஸ்தா, மாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். பெட்டி கிட் இந்த வண்டிக்குச் சேராது, துணி வயர்தான் ஆகும்னு.

— சேருமே.

— சேராதுன்னு சொல்லுங்க.

— நாஹித், என்னைப் பாரு. அந்தப் பையன் கை நீட்டுறவனா?

— ஐயோ, இல்லை.

— குடிக்கிறானா? வேற பொம்பளை சகவாசமா?

— ஒரு மண்ணும் இல்லை. நல்லவன். எங்கம்மாவுக்கு முட்டிவலின்னு குவைத்துலேர்ந்து தைலம் அனுப்புறவன். கெட்டவன்னா என்னைக்கோ சொல்லிருப்பேன். நல்லவனை எப்படி வேண்டாம்னு சொல்றது? என்ன காரணம் சொல்லுவேன்? அவரு ஃபோன்ல பேசும்போது எப்படா வைப்பாருன்னு இருக்கு. அதுக்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவாங்களா?

— உங்கம்மாகிட்ட சொல்லிப் பாத்தியா?

— சொன்னேன். கடைசி வாரத்துல எல்லாப் பொண்ணுக்கும் வயித்தைக் கலக்கும்னு சொல்லி சோம்புத் தண்ணி போட்டுக் குடுத்தாங்க. எங்கப்பா மண்டபத்துக்காரனோட சண்டை போட்டு இந்த வியாழக்கிழமையை வாங்கிட்டு வந்திருக்காரு. அவரு முகத்தைப் பாத்து நான் வாயைத் திறக்கணுமா?

— சரி, ரெண்டு மாசம் தள்ளிப் போச்சுன்னே வச்சுக்கோ. அடுத்த லீவுக்கு அவன் வருவானே?

— அதை அப்ப பாத்துக்கலாம்.

— அப்ப இதே இடத்துல வந்து நின்னு, ஆறு மாசம் ஆகுற மாதிரி வயர் இருக்கா உஸ்தான்னு கேப்பே.

— கிண்டல் பண்ணாதீங்க. எனக்குள்ள என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாது. போன வாரம் கடற்கரை ரோட்டுல வரும்போது பின் சீட்டுல நாத்தனார் கைதட்டிப் பாடுறா. நான் மனசுக்குள்ள, யா அல்லா, இந்த வண்டி எங்கயாவது நிக்கட்டும், நிக்கட்டும்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நின்னுச்சு. எல்லாரும் அலறி அழுதாங்க. நான் நடைபாதைல நின்னு மூச்சு விட்டேன், உஸ்தா. நிச்சயம் ஆன நாள்லேர்ந்து அன்னைக்குத்தான் ஒழுங்கா மூச்சு வந்துச்சு. கடவுள் என் பக்கம்னு நினைச்சேன். இப்ப மாமி அதை மறுபடி ஒட்டப் பாக்குறாங்க.

— அது வந்து, சொல்லப்போனா ஃபியூஸ் கோளாறும்மா. ஊர்வலம் ஓட்டுற எங்க எல்லாருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம். வீட்டுலேர்ந்து மண்டபம் வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே போகணும். நிறுத்தினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். ஃபியூஸ் எவ்வளவுதான் தாங்கும்? போயிடும். அதனால அதைக் கழட்டிட்டு, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகிடுவோம். வெள்ளித்தாள் லேசுல போகாது. வயர்தான் போகும்.

— எல்லாரும் அப்படித்தான் பண்றீங்களா?

— எல்லாரும்.

— அப்ப மத்தவங்க வண்டி ஏன் எரியலை?

— அடிக்கிற விதம் ஒண்ணு இருக்கு. ரெண்டு, நிறுத்தி மூணு. நடுவுல விட்டு விட்டு அடிச்சா வயர் சூடு ஆறிடும்.

— சரி, அப்ப பெட்டி கிட்டையே போடுங்க. ஃபியூசுக்குப் பதிலா மறுபடி வெள்ளித்தாளை வைங்க. வழியில நிக்கட்டும்.

— வாயைக் கழுவு. உன் முகத்திரை ஓரம் கருகுனதை இந்தக் கையாலதான் அணைச்சேன். அன்னைலேர்ந்து கண்ணை மூடினா அதுதான் வருது. இனிமே இந்த வண்டில வெள்ளித்தாள் கிடையாது. ஹாரன் செத்தா சாகட்டும், ஊமையா ஓட்டிட்டுப் போறேன்.

— அப்ப நான் போய்ச் சேர்ந்துடுவேன்.

— ஆமா. புது வயர் போட்டா நீ போய்ச் சேர்ந்துடுவே. அதை இப்பவே தெரிஞ்சுக்கோ.

— ஃபோன் அடிக்குது. மாமிதான். எதுன்னு கேப்பாங்க. துணி வயர்னு சொல்லிடட்டுமா? நான் உங்க கைல குடுக்குறேன், ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

— மாட்டேன்.

— ஒரு வார்த்தைதானே, உஸ்தா. அதுல உங்களுக்கு என்ன போகுது?

— உனக்காக ஒரு தடவை பண்ணிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது.

— என்ன பண்ணீங்க?

— ஃபோனை எடு.

— என்ன பண்ணீங்க எனக்காக?

— அன்னைக்கு ஓட்டும்போது கண்ணாடில உன்னைப் பாத்தேன். மணப்பொண்ணுங்க அழுவாங்க, அது எனக்குப் பழக்கம். நீ அழலை. எல்லாரும் பாடும்போது நீ மட்டும் கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வந்தே. அந்த ரோடு முடிஞ்சா மண்டபம். விட்டு விட்டு அடிச்சுக்கிட்டிருந்த கையை அப்படியே ஹாரன்ல வச்சேன். ரப்பர் நாத்தம் முதல்ல எனக்குத்தான் வந்துச்சு. எடுக்கலை. புகைஞ்சு நிக்கும்னு நினைச்சேன், நெருப்பு வரும்னு நினைக்கலை. நீ கடவுள் பண்ணாருன்னு நம்பிட்டு நிக்கிறே. அது நான்.

— உங்க வண்டிய நீங்களேவா? அத்தியாத் அக்காவுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா கூடையில டீ வராது, கல்லு வரும். வண்டி கிடக்குது, நாஹித். அதை நான் பாத்துக்குறேன். எடு, அடிச்சு ஓயப் போகுது.

— ஹலோ, மாமி. ஆமா, உஸ்தா ஷஹாத்தா கடைலதான் இருக்கேன். கிட் எதை வேணும்னாலும் போட்டுக்கட்டும், மாமி. வியாழக்கிழமை நான் இந்த வண்டில வரலை. எந்த வண்டிலயும் வரலை.