வாரம் ஒன்றேகால் கிலோ

சர்க்கரை போடாத டீ வரவழைத்ததற்கு நன்றி, ஐயா. நான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. விசாரணை அறையிலும் ஒருவருடைய பத்தியத்தை மதிக்கிறார்கள் என்பது நம் கம்பெனியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லத்தக்க விஷயம். முடிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் ரகுநந்தன். ஒரகடம் ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் மேலாளர். வீடு ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா பாராயண கோஷ்டியில் இருப்பவர். எங்கள் வம்சத்தில் தண்ணீர்க் குடத்தைவிடக் கனமான ஒன்றைத் தூக்கிய முதல் ஆள் நான்தான். பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று தோள் மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இதில் எத்தனை நிமிடம் வீணாகிறது என்று அப்போதே எண்ணுவேன். திட்டமிடல் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்பதற்காகச் சொன்னேன்.

போன வருடம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதால் தணிகாசலம் மாஸ்டரின் ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு காலத்தில் ஆணழகன் போட்டியில் ஜெயித்தவர். சுவரில் மாட்டிய அந்தக் காலத்துப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முறை எளிது. வாரத்தில் இரண்டு நாள் கனமான எடை, ஐந்து தடவை மட்டும். இரண்டு நாள் குறைந்த எடை, பதினைந்து தடவை. வாரம் முடிந்தால் எடையில் ஒன்றேகால் கிலோ கூடும், அவ்வளவுதான். அதற்கென்று லேத்தில் சின்னத் தட்டுகள் கடைந்து வைத்திருந்தார்.

"ஒடம்புக்குத் தெரியாம ஏத்தணும் சார்," என்பார். "ஒடம்பு ஒரு கேனை. ஒண்ணேகால் கிலோவையெல்லாம் அது கண்டுக்காது. ஆனா ரெஸ்ட்டு குடுக்கலைன்னு வையுங்க, மொத்தமா பழி வாங்கிடும்."

முதல் பாதியை அலுவலக நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

எங்கள் ஆலையில் செய்யும் பிராக்கெட் என்ற இரும்புப் பாகம் ஒன்றின் எடையும் ஒன்றேகால் கிலோதான். அப்பாவிடம் சொல்லியிருந்தால் பகவத் சங்கல்பம் என்றிருப்பார். நான் தரவு என்றேன்.

ஏழாவது ஸ்டேஷனில் தாவீது, பிரசன்னா என்று இரண்டு பேர், இருவரும் கான்ட்ராக்ட். பிராக்கெட் அடுக்கிய ட்ரேயைத் தூக்கிக் கழுவும் மெஷினில் வைப்பார்கள். ட்ரேக்குப் பன்னிரண்டு. மாடல் மாறும்போது ஃபிக்சர் என்கிற இரும்புத் தாங்கியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். அதில் ஐந்து அளவு உண்டு. மிகப் பெரியது ஐம்பத்திரண்டு கிலோ. இருவர் சேர்ந்து தூக்கவும் என்று மெஷினில் ஸ்டிக்கர் இருந்தது. அதை நான் கிழித்ததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தவறு. மெஷினுக்குப் புது பெயின்ட் அடித்தபோது மறைந்துபோனது. பெயின்ட் அடிக்கச் சொன்னது நான்.

தாவீதுக்குப் பென்னலூர். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். அவனுடைய வாழ்க்கையில் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான், பர்மனெண்ட் ஆவது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட அதற்குத்தான் ஜெபம் என்று அவனே சொல்லியிருக்கிறான். நான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இருபத்திநாலு வாரம் இந்த ஸ்டேஷனை ஒழுங்கா நடத்திக் காட்டு. உன்னை நான் சிபாரிசு பண்றேன்."

"ப்ராமிஸா சார்?"

"ப்ராமிஸ்."

எப்படி நடத்தப் போகிறோம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. உடம்புக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும் என்றால் உடம்பின் சொந்தக்காரருக்கும் தெரியக் கூடாது அல்லவா? மாடல் மாற்றங்களைத் திங்களுக்கும் வியாழனுக்கும் தள்ளினேன். அந்த நாட்களில் ஃபிக்சர், ஷிப்டுக்கு ஐந்து தடவை. மற்ற நாட்களில் ட்ரே. சிறிய ஃபிக்சரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அவன் தனியே தூக்கும்படி பிரசன்னாவை அந்நேரம் வேறு வேலைக்கு அனுப்பினேன். ட்ரேயில் வாரம் ஒரு பிராக்கெட் கூட்டினேன். இவ்வளவுதான் ஐயா என் திட்டம். நான் ஜிம்மில் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். நான் மாதம் ஆயிரத்தைந்நூறு கட்டினேன். தாவீது கட்டவில்லை.

ஏழாம் வாரம் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சார், இந்த ட்ரே மாசமாக் கீது போல. வாராவாரம் வவுறு பெருக்குது."

"பிரசவம் எப்போ?" என்று நானும் கேட்டேன். தொழிலாளர்களிடம் நகைச்சுவையோடு பழக வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"நீங்கதான் சார் தேதி சொல்லணும்."

பத்தாம் வாரம் பிரசன்னா தேவைப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் காதில் விழும்படியாகவே தாவீதிடம் சொன்னான்: "நீ பயில்வான் ஆவறே, நான் வூட்டுக்குப் போறேன். நல்ல ஜிம்முடா மச்சான் இது." தாவீது தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ட்ரேயைத் தூக்கினான். அன்று அவனிடம் ஒரு வேகக் குறைவு இருந்தது. குறித்து வைத்திருக்கிறேன்.

பதினாறாம் வாரம், குறைந்த ஆளில் கூடுதல் உற்பத்தி காட்டியதற்குப் பாராட்டு விழா. உங்கள் பின்னால் அலமாரியில் இருக்கிறதே கண்ணாடிக் கோப்பை, அது அன்று வாங்கியதுதான். 'மெல்ல மெல்ல வலிமை' என்ற தலைப்பில் நாற்பது படங்கள் போட்டு விளக்கினேன். தாவீதை மேடைக்கு அழைத்து, இரண்டு அளவு சின்னதான கம்பெனி டி-ஷர்ட்டை மாட்டி, கையை மடக்கிக் காட்டச் சொன்னார்கள். அவனுக்குக் கூச்சம். "கம்பெனி பஸ்ஸு நின்னுபோச்சுன்னா இனி தாவீதே தூக்கினு வந்துடுவான்பா," என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, எல்லாரும் விசில் அடித்தார்கள். வைஸ் பிரசிடெண்ட் சக்ரபாணி சாரும் ஒரு ட்ரேயைத் தூக்கியபடி படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு முதுகுப் பிரச்சினை உண்டு. ஆகவே இருபத்தேழு பிராக்கெட்டில் முன்வரிசை நான்கை மட்டும் விட்டு மற்றதை நானே எடுத்து வைத்தேன். படத்தில் தெரியாது. பார்த்திருப்பீர்கள், வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

பதினெட்டாம் வாரம் தாவீது ஒரு சீட்டோடு வந்தான். முதலுதவி அறை நர்ஸ் அம்சவல்லி எழுதியது. முதுகில் வலி, இடது காலில் மரமரப்பு, பத்து நாள் எடை தூக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் அனுப்பவும்.

"சிஸ்டர் உங்களாண்ட குடுக்கச் சொன்னாங்க சார். ராத்திரில காலு எறும்பு ஊர்ற மாதிரி கீது."

நான் அதட்டவில்லை. மிரட்டவும் இல்லை. நாள்காட்டியைத் திருப்பிக் காட்டினேன். "இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. நடுவுல விட்டா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். உன் இஷ்டம்."

நாள்காட்டியில் விரலை வைத்து ஆறு வாரத்தையும் எண்ணினான். "அப்போ வேணாம் சார். சீட்டைக் கிழிச்சிடுங்க," என்றான்.

முடிவெடுத்தது அவன்தான் என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். சீட்டை நான் கிழிக்கவில்லை. காகிதங்களைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை. மேஜை இழுப்பறையில் இருந்தது. இதோ.

அதே வாரம் எனக்கும் இடுப்பில் ஒரு பிடிப்பு. தணிகாசலம் மாஸ்டர் பதறிவிட்டார். "பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க சார். இடுப்பு போச்சுன்னா மனுசன் போச்சு." நான் சொன்னபடி கேட்கிறவன். வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தாவீதின் பத்தொன்பதாம் வாரத் திட்டத்தை அனுப்பினேன். ட்ரேக்கு முப்பது பிராக்கெட்.

இருபத்தொன்றாம் வாரம், வியாழக்கிழமை, அன்றைய நாலாவது ஃபிக்சர். ஐம்பத்திரண்டு கிலோ. நான் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அவன் ஃபிக்சரை மெஷினில் சரியாக உட்கார வைத்தான். வைத்த பிறகுதான் விழுந்தான். ஃபிக்சருக்கு ஒரு கீறல் இல்லை. தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "சார், என் காலு எங்க கீது?" என்று கேட்டான். இரண்டு காலும் அவன் எதிரிலேயே இருந்தன.

ஆபரேஷன் ஆன பிறகு பென்னலூருக்குப் போய்ப் பார்த்தேன். போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புரோட்டீன் மாவு டப்பா ஒன்று வாங்கிப் போனேன், நல்ல கம்பெனியுடையது. அவன் மனைவி ரத்னா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு வெளியில் எதுவும் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத இன்னா சார் பண்றது?"

"பால்ல கலந்து குடுங்கம்மா. தசை வளரும்."

"இடுப்புக்குக் கீழயுமா சார்?"

அதற்கு அந்த டப்பாவில் விளக்கம் இல்லை. பிறகு அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "ஒரு மனுசன் இவ்ளோதான் தூக்கலாம்னு எங்கியாச்சும் எழுதி வெச்சிருப்பாங்கல்ல சார்? இவருக்குப் படிக்கத் தெரியுமே."

கட்டிலில் தாவீது படுத்திருந்தான். கைகள் இன்னமும் மேடையில் காட்டியதுபோலவே இருந்தன. போர்வைக்குக் கீழே இரண்டு கால்களும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனவை மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. அவன் எழுந்திருக்க முயன்றான், நான் வந்திருக்கிறேன் என்பதற்காக. முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க சார்," என்றான். "இன்னும் மூணு வாரம்தான் இருந்துச்சு, வுட்டுட்டேன்."

பரவாயில்லை என்றேன்.

"அந்த பர்மனெண்ட் லிஸ்ட்ல... எம் பேரு கீதா சார்?"

ரத்னா வெளியே போய்விட்டாள்.

ஐயா, எனக்குத் தெரியுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும். ஒவ்வொரு வாரமும் அவன் எவ்வளவு தூக்கினான் என்று அவனைவிட எனக்குத்தான் தெரியும். எந்த வாரம் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதும் தெரியும், ஏனென்றால் அந்த வாரம் நான் நிறுத்தினேன். செய்தது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் வாக்குத் தவறியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது என்னை வருத்துகிறது. பென்னலூரிலிருந்து திரும்பிய அன்றே தாவீதை நிரந்தரமாக்கச் சொல்லிச் சிபாரிசுக் கடிதம் எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். உழைப்பு, நேர்மை, ஒழுங்கு, எல்லாம் குறிப்பிட்டிருக்கிறேன். இனி என் பக்கத்தில் தாமதம் ஏதும் இல்லை. உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் அவன் நேரில் வந்து கொடுக்க வேண்டும்.