மாத்தி விட ஆள்

இல்லம்மா, மரத்தடிக்கெல்லாம் நான் வர முடியாது. நீ உள்ள வந்து குந்து. சர்வேக்குக் கேக்கறத சத்தமா கேளு, பம்ப்பு ஓடுதில்ல. நாலு மணிக்கு நான் ஒரு எடத்துல இருந்தாகணும். மாத்தி விட ரிலீவர அனுப்பறேன், அனுப்பறேன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கினே கீறாரு. நேத்து மதியானம் ரெண்டு மணிக்கு குந்தினவன். இதோட இருபத்தஞ்சரை மணி நேரம்.

இன்னாது, ஏரோப்ளேன்ல போயி ஆகாசத்துல தூள் தூவறதா? வெயில மறைக்கவா? எங்க கம்பெனி புகைய கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பாங்களே! சிரிக்காத, நல்ல விசயம்தான். நேத்து இந்த ஷீட்டுக்குக் கீழ நாப்பத்தாறு டிகிரி. எழுதி வெச்சிக்கீறேன், பாரு. ரெண்டு டிகிரி கொறைஞ்சா நைட்டு ட்யூட்டி பாத்த மனுசன் பகல்ல கண்ண மூடுவான்.

தூவினா மழை மாறிப்போவுமா? எந்தப் பக்கம் கொறையும்னு தெரியாதா? ஆர்.கே.பேட்டைல என் தங்கச்சி ஊட்ல ஏரிய நம்பி நெல்லு போடறாங்க. அவங்கள யாரு கேட்டாங்க?

சரி, தூவறத பாதில நிறுத்தினா? மறைச்சி வெச்ச மொத்த சூடும் ஒரேயடியா நம்ம தலைல எறங்குமா? அப்ப இந்த பம்ப்பு கதைதான். செவுத்துக்கு அப்பால ஃபர்னஸ். எட்டு டன் இரும்பு கொழம்பாட்டம் கொதிக்குது. அத குளுர வெக்க இந்த பம்ப்பு சுத்தி ஓட்டற தண்ணி நாலு நிமிசம் நின்னுச்சுன்னா இந்த ரூமே இருக்காது. அதான் மாத்தி விட ஒருத்தன் வராம இன்னொருத்தன் எழுந்திருக்கக் கூடாது. பதினேழு வருசமா ஒண்ணுக்குப் போறதுக்கும் ஆள் நிறுத்திட்டுத்தான் போறேன்.

எத்தினி வருசம் தூவணும்? நூறா? மேலயும் ஆவுமா? அங்க குந்தறவனுக்கு ரிலீவர் யாருன்னு உன் பேப்பர்ல போட்டுக்கீதா? நல்லா பாரு.

போடலல்ல.

வேணுமா, வேணாமா, ஒண்ணுதான் டிக் பண்ணணுமா? இரு, ரீடிங் எழுதிட்டு வரேன்.

ம். வேணும்னே போடு. பயமாத்தான் கீது. இருந்தாலும் போடு.

மணி இன்னா? மூணு அம்பத்திரெண்டா? அப்ப இனிமே முடியாது. ஒண்ணுமில்லம்மா, புதுவாயல்ல ஒரு அடக்கம், நாலு மணிக்கு. இம்மானுவேலுன்னு, கூட வேலை செய்றவன். நைட்டு ட்யூட்டி முடிச்சி ஷீட்டு ஊட்ல நேத்து பகல்ல படுத்தவன். சாயங்காலம் அவன் சம்சாரம் மெர்சி போயி எழுப்பறா, ஒடம்பு கொதிக்குதாம், மூச்சு இல்ல.

அடக்கத்துக்குப் போவணும்னு சொன்னேன்மா, சொல்லாம இருப்பனா. சூப்பர்வைசர் மட்டும் இன்னா பண்ணுவாரு? எனக்கு ரிலீவரே அவன்தானே.