பொட்டு இல்லாத பகுதி

எனக்கு டீயில் சீனி குறைவாக இருக்க வேண்டும் சார். பரவாயில்லை, வைத்துவிடுங்கள், ஆறட்டும். முதலில் இசக்கிச்செல்வி உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைத் திருத்த வேண்டும். தான் மறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் மறக்கிற ஆளே இல்லை. தப்பான தகவல் பதிவாகிக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கோவில்பட்டி பைபாஸ் பக்கம் எங்கள் அலுவலகம். ஒரு தீப்பெட்டி ஆலையில், குச்சிக்கு மருந்து கலக்கும் மருந்து அறைக்கு மென்பொருள் எழுதினோம். சூட்டை அளக்க ஒரு பகுதி, திரையில் காட்ட ஒரு பகுதி, சூடு மீறினால் சங்கு ஊத ஒரு பகுதி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரிக் குறிப்பு வைப்போம். எழுதியதை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் என்போம். அப்படிச் செய்யும்போது, குறிப்பு உள்ள பகுதிகளை மட்டும் கணினி பொறுக்கிப் பட்டியல் போடும். பட்டியலில் இருப்பதுதான் பிறகு ஓடும். குறிப்பு இல்லாதது சும்மா உள்ளே கிடக்கும். பிழை என்றுகூடக் காட்டாது. அந்தக் குறிப்புக்குப் பொட்டு என்று பெயர் வைத்தவள் இசக்கிச்செல்விதான். "எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பெண் கேட்டவன் நான். ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். வேல்ராஜுக்குப் பொருந்தியது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் வந்தேன். வேல்ராஜ் அதே ஆலையில் மருந்து அறை மேஸ்திரி. பார்த்த இடத்தில் நின்று பேசுவார்.

சங்குப் பகுதியை எழுதியது அவள். சோதித்தபோது ஊதியது, எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். மறுநாள் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், அவள் கணினியிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தேன். கம்பைல் செய்து ஆலைக்கு அனுப்பினேன். சங்கு ஊதாது, திட்டு வாங்குவாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வருவாள், நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன். எண்ணம் அவ்வளவுதான்.

மே மாதம், பகல் பதினொன்றரை இருக்கும். அவள் இடைசெவலில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தாள். மருந்து அறையின் சூடு எங்கள் திரையிலும் தெரியும். நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. ஐம்பத்தாறு. வேல்ராஜின் நம்பர் என் கைபேசியில் இருந்தது. கைபேசியும் கையில்தான் இருந்தது. கூப்பிட்டால், சங்கு ஏன் ஊதவில்லை என்று பிறகு கேட்பார்கள் அல்லவா? அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தேன். பதினோரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் திரையில் எண் வருவது நின்றுவிட்டது.

வேல்ராஜின் காரியம் முடிந்ததும் அவள் நேரே அலுவலகத்துக்கு வந்து அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "பொட்டு வச்சதாத்தான் ஞாபகம் அண்ணாச்சி. வைக்காம விட்டுட்டேன் போல. அவியள நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள். அவள் கணினியில் நடந்த மாற்றம் அவள் பெயரில்தானே பதிவாகும். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று நான் தண்ணீர் கொடுத்தேன்.

வேலைக்குத் திரும்பியபோது அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி அவள் மேசையில் வைத்தேன். இந்தக் காலத்தில் அதெல்லாம் பார்க்க வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று அவளிடம் முதலில் சொன்னவன் நான்தான் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.