விளக்கின் மேல் வைத்த பொட்டு

தலைமை நாற்காலியில் தளராது வீற்றிருக்கும் எங்கள் கார் பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் முகம்மது ஹுசைன் அண்ணாச்சி அவர்களே, வாசுதேவநல்லூரிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் கடையடைத்து வந்திருக்கும் பெரியோர்களே, வெக்கையிலும் விசிறியின்றி வீற்றிருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முப்பத்தோராண்டு மூத்த எலக்ட்ரீசியன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். கனக்கிறது ஐயா. கைதட்ட வேண்டாம், களைத்துப்போய் நிற்கிறேன்.

முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருக்கிறானே இசக்கித்துரை, வாடகைக் கார் ஓட்டுகிறவன், அவன் வண்டியில் போன வருடம் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்: ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் இறுகிவிடாமல் விட்டுவிட்டுப் பிடிப்பது ஏபிஎஸ். வண்டியைத் திருப்பி ஒதுங்க அதுதான் வழிவிடும். விளக்கு எரிந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

பழுதைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் சொருகினேன். சக்கரம் சுழலும் வேகத்தை அளக்கிற இடது முன்சக்கரத்து சென்சார் என்றது. சென்சாரை மாற்றினேன், மீண்டும் எரிந்தது. ஸ்கேனரில் பிழைக்குறியை அழித்து விளக்கை அணைத்தேன், மீண்டும் எரிந்தது. மறுபடி அழித்தேன். கருவி காட்டுவது இடத்தையா, காரணத்தையா? சென்சாருக்குப் போகிற வயரைச் சோதிக்க வேண்டாமா? வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். முதுகு முரண்டுபிடித்தது, குனிய அலுப்பாக இருந்தது.

ஆயுத பூசையன்று நான்காம் முறையாக வந்தான்.

"அண்ணாச்சி, லைட்டு திரும்ப எரியுது. நாளைக்குத் தென்காசி சவாரி இருக்கு, பாத்து விடுங்க."

என் கையில் சந்தனக் கிண்ணம். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்தேன். டேஷ்போர்டு கண்ணாடியில், சரியாக அந்த விளக்கின் மேல், கெட்டியாக இன்னொன்று வைத்தேன். "சாமி பொட்டு, துடைச்சிராத மக்கா" என்றேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்தான்.

ஒரு வாரத்தில் மழை. வாசுதேவநல்லூர் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. "மிதிச்சேன் அண்ணாச்சி, சக்கரம் இறுகிட்டு. ஒடிச்சேன், வண்டி திரும்பல" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். புளியமரத்தில் மோதி வலது கால் முறிந்திருந்தது. அவன் மனைவி இசக்கிசெல்வி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க வச்ச பொட்டுதான் அண்ணாச்சி இவுக உசுரக் காப்பாத்திட்டு."

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன்.

பிறகு வண்டி கடைக்கு வந்தது. அன்றுதான் குனிந்தேன். வயரில் மீட்டரை வைத்து, கடைப் பையனை ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடிக்கச் சொன்னேன். இணைப்பு அற்றுப்போனது. மேல்தோல் பளபளத்தது, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. அரைமணி நேர வேலை. ஒரு மனிதனின் காலுக்காக அந்த அரைமணியை நான் கொடுத்திருக்கக் கூடாதா?

என்ன இசக்கித்துரை? கேள். சத்தமாகவே கேள்.

"அப்ப அன்னைக்கே தெரியுமா அண்ணாச்சி?"

தெரியும் மக்கா. தெரிந்துதான் வைத்தேன்.

தோழர்களே, வருகிற பூசைக்கும் பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், எலுமிச்சை நசுக்குங்கள். எரிகிற விளக்கை மட்டும் மறைக்காதீர்கள். உடம்பு அலுத்தால், "இன்னைக்கு முடியல, வண்டிய எடுக்காத" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அன்று எனக்கு வரவில்லை, எட்டு மாதமாக உறக்கமும் வரவில்லை.

பொறுத்திருந்து கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தலைவரே, பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் வணக்கம்.

இசக்கித்துரை, நீ எழுந்திரிக்காதே. படியேற வேண்டாம். நானே இறங்கி வருகிறேன்.