ரெண்டு ஆள் பாரம்

— என் பொண்டாட்டி திரும்பி வர்றதுக்கு என்ன ஆகும்னு ஒரே பேச்சாச் சொல்லுங்க மச்சான்.

— நாப்பத்தெட்டாயிரம் மாப்ளே. கூலி தனி.

— கூடப் பொறந்தவளுக்கே விலை போடுறீங்களே!

— நான் உங்க பைக் சாமானுக்குப் போட்டேன். அவளுக்கு விலை கேட்டது நீங்க.

— இந்தாங்க, இஞ்சினுக்குள்ள போடுற கேம் ஷாஃப்ட், நானே வாங்கிட்டேன். பந்தயக்காரங்க போடுறது. இதை மட்டும் மாட்டி விடுங்க. நாளைக்கு மலையேறி உங்கம்மா வீட்டு வாசல்ல நிக்கணும், அவளைப் பின்னாடி ஏத்திட்டு இறங்கணும்.

— குருவி தலையில பனங்காய். போன தடவை அந்த சைலன்சர், இந்தத் தடவை இதுவா?

— அதுக்கென்ன மச்சான், நல்ல சத்தம்.

— சத்தத்துக்குக் குறைச்சலே இல்ல. அந்தச் சத்தத்தோடதான் மலைப்பாதை மூணாவது வளைவுல வண்டி நின்னுச்சு. என் தங்கச்சி ஹெல்மெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு மழையில நடந்தே மேடேறிப் போனா. நீங்க?

— வண்டியைத் தனியா விட்டுட்டு வர முடியுமா?

— அவளை விட்டீங்களே.

— அதுக்குத்தானே வந்து நிக்கிறேன்! இப்ப என்ன, கால்ல விழணுமா? இதோ...

— எழுந்திரிங்க, தரையெல்லாம் ஆயில். ஐயோ, எழுந்திரிங்க மாப்ளே. காதுல வாங்குங்க. இந்த கேம் வேகத்துல பறக்கும், மேட்டுல மெதுவா இழுன்னா நொண்டும். உங்களுக்கு வேண்டியது கம்மி வேகத்துலேயே இழுக்கிற கேம். அதுக்குக் காத்து தாராளமா வேணும், ஃபில்டரை மாத்தணும். காத்து கூடினா பெட்ரோலைக் கூட்டணும், அதுக்குக் கார்புரேட்டர் ஜெட்டை மாத்தணும். எரிஞ்சது வெளிய போக அதுக்கேத்த சைலன்சர். நாலும் கூடிப் பேசினாத்தான் குடித்தனம். ஒண்ணு மட்டும் கத்தினா சந்தைக்கடை.

— நாலையும் போடுங்க. சங்கிலியை வித்துடுறேன்.

— எந்தச் சங்கிலி?

— பதறாதீங்க, என்னோடது. அவளுது அவ கழுத்துல பத்திரமா இருக்கு.

— ம். பாரம் சொல்லுங்க. ஸ்பிரிங்கும் பின்சக்கரப் பல்லும் அதை வெச்சுத்தான்.

— நான் எழுபத்தெட்டு கிலோ. வண்டியில மாட்டுற பெட்டி ரெண்டும் இருபது. அவ ஐம்பத்தாறு. இளைச்சிருப்பாளோ?

— இல்ல, தேறியிருக்கா.

— அப்ப அறுபதாவே போடுங்க மச்சான்! ஆமா, நீங்க எப்பப் பாத்தீங்க?

— நேத்து. இங்கதான் வந்தா.

— இங்கயா? என்னைப் பத்திக் கேட்டாளா?

— 'மேட்டுல வண்டி நின்னுடாதுல்ல'ன்னு கேட்டா. அந்த மூலையில தார்ப்பாயை விலக்கிப் பாருங்க.

— இது... நம்ம வண்டி மாதிரியே இருக்கே. நீங்க சொன்ன மாதிரியே ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டியிருக்கு. யாரோடது?

— அவ கழுத்துச் சங்கிலி மாப்ளே. இப்ப வண்டியா அங்க நிக்குது.

— அவளுக்கு ஓட்டவே தெரியாதே!

— தெரியுமான்னு நீங்க கேட்டதில்ல. நாலு சாமானையும் அவளே பொறுக்கி எடுத்தா. எதுக்கு எது ஒத்துப்போகும்னு கேட்டுக் கேட்டு என் உசிரை வாங்கிட்டா.

— எங்க போறாளாம்?

— சொல்லல. நான் பாரம் மட்டும் கேட்டேன். 'ஒரே ஆள்தாண்ணே'ன்னா.

— மச்சான்... அப்ப என் கணக்கு?

— நீங்க எழுபத்தெட்டு. பெட்டி இருபது. ஆக மொத்தம் தொண்ணூத்தெட்டு.